ஏன் இன்னும் இந்தக் குழாய்?

காய்ச்சல் கண்டதும் கலங்குவோர் பலர். காரணம் தேடுவோர் சிலர். ‘தலையெழுத்து’ என்ற ஒரு சொல் ஓராயிரம் கேள்விகளை ஊமையாக்கிவிடுகிறது, தோழர்களே!

என் தந்தையார் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைபட்டுத் துடித்தார். அவர் துயர் துடைத்தது கதீட்டர் எனும் குழாய். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930களில் உருவாக்கிய வகை அது. நுனியிலுள்ள சிறு பலூன், சிறுநீர்ப்பையைவிட்டு நழுவாமல் அதனை நிறுத்துகிறது. அருமையான கருவி! ஆயினும், எடுத்துவிடலாம் என்று மருத்துவர் எழுதிய நாள் கடந்தும் அது எடுக்கப்படவில்லை. நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. சிறுநீரில் கிருமி என்றது ஆய்வுக்கூடம். ‘விதி’ என்றனர் உறவினர். விதியா? கட்டிலருகே அமர்ந்திருந்த நான் கண்டது வேறு. வடிகால் பை தரையில் கிடந்தது. ஒரே குவளையில் பலருடைய பைகள் காலி செய்யப்பட்டன. கட்டில் விட்டுக் கட்டில் சென்ற கைகள் கழுவப்படவில்லை! தந்தையார் பிழைத்தார், கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

கிருமி வானத்திலிருந்து குதிப்பதில்லை. குழாயின் வெளிப்புறத்தைப் பற்றி ஏறுகிறது. பையின் வழியே உட்புறமாகவும் ஏறுகிறது. குழாய்ச் சுவரில் வழுவழுப்பான படலமாய்க் கோட்டை கட்டுகிறது. அக்கோட்டைக்குள் மருந்து எளிதில் நுழையாது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு. முன்னாளில் திறந்த புட்டியில் சிறுநீர் வடிந்தது. சில நாட்களிலேயே பெரும்பாலோர்க்குக் கிருமி தொற்றியது. மூடிய வடிகால் முறை அதனைக் குறைக்கும் என 1966இல் குனினும் மெக்கார்மக்கும் மெய்ப்பித்தனர்.

செய்ய வேண்டுவது என்ன? கை கழுவி, கிருமி நீக்கிய கையுறையும் கருவிகளும் கொண்டே குழாயைப் பொருத்த வேண்டும். அது இழுபடாதவாறு உடலோடு ஒட்டி நிறுத்த வேண்டும். குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைப் பிரிக்கலாகாது. பை, சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடலாகாது. காலி செய்ய ஒவ்வொருவர்க்கும் தனிக் குவளை வேண்டும். நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு உடலைத் தூய்மை செய்தால் போதும். தொற்று வருமுன்னே தடுப்பென்று நுண்ணுயிர்க்கொல்லியை வழக்கமாகக் கொடுப்பது, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதாகும்.

இவை அனைத்தினும் தலையாயது ஒரு கேள்வி: ‘இன்று இந்தக் குழாய் தேவையா?’ படுக்கை நனையாதிருக்க மட்டுமே என்றால், தேவையில்லை! அதனைக் கேட்பது செவிலியரை இகழ்வதன்று. பல கட்டில்களுக்கு ஒருவராய் ஓடி உழைப்பவர்க்குத் துணை நிற்பது. ஆகவே, நோயாளியின் அருகே இருக்கும் தோழர்களே, கை கூப்பிக் காத்திராதீர். கை கழுவுங்கள், கேள்வி கேளுங்கள்!