பர்கண்டிச் சரிவின் கவாத்துக்காரர்கள்

கிழக்குப் பிரான்சின் பர்கண்டி நிலப்பகுதியில், டிஜோன் நகருக்குத் தெற்கே சூரியோதயத்தை நோக்கிச் சரிந்து கிடக்கும் ‘கோத் த நுயி’ என்னும் ஒடுங்கிய குன்றுத்தொடரில் ஏறக்குறைய முழுவதும் பயிராவது பினோ நுவார் என்னும் ஒரே கருந்திராட்சை வகையாகும். அதன் தோல் மெல்லியது என்பதால், அதிலிருந்து பிறக்கும் சிவப்பு ஒயின் அடர்நிறம் கொள்வதில்லை, துவர்ப்பும் மிகுவதில்லை. இளமையில் செர்ரி, ராஸ்பெர்ரிப் பழங்களின் மணமும், புட்டியில் பல்லாண்டு முதிர்ந்தபின் ஈரச்சருகும் காளானும் கலந்த காட்டுமண் வாசமும் தரும் இவ்வொயினின் பெருமை, பருகிய பின்னும் நெடுநேரம் நாவில் தங்கும் நுண்மையில் இருக்கிறது.

இந்நுண்மைக்குச் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த நிலமே காரணம் என்று கூறுவது வழக்கம். ‘கிளிமா’ எனப்படும், தனிப்பெயரும் எல்லையும் கொண்ட அங்குள்ள நிலத்துண்டுகளை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனினும் குளிர்காலத்தில் அச்சரிவில் நடந்து பார்ப்போர்க்கு, நிலத்தைப் பற்றிய புகழுரையில் மனிதக் கைகளின் பங்கு போதிய அளவு சொல்லப்படவில்லை என்பது விளங்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நடைபெறும் கவாத்துதான் ஆண்டின் கடினமான வேலை. ஒரு ஹெக்டேரில் சுமார் 10,000 கொடிகள் நெருங்கி நிற்க, தொழிலாளி ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து, சென்ற ஆண்டின் கிளைகளைக் கழித்து, காய்ப்பதற்கு ஒரு நீண்ட கிளையையும் அடுத்த ஆண்டின் கிளைகள் தோன்றுவதற்கு இரு மொட்டுகள் கொண்ட ஒரு குறுங்கிளையையும் மட்டும் விட்டுவைக்கிறார். ‘கியோ’ முறை எனப்படுவது இதுவே. வெட்டு தவறான இடத்தில் விழுந்தால் சாறோட்டம் தடைப்பட்டுத் தண்டு உள்ளிருந்து பட்டுப்போகக்கூடும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் கொடி கொள்ளப்போகும் வடிவத்தை மனத்தில் கண்டே கத்தரி வைக்கப்படுகிறது. மின்கத்தரி வந்தபின் மணிக்கட்டின் வலி குறைந்திருக்கலாம்; முதுகின் வலி குறையவில்லை. கழித்த கிளைகளைப் பழைய இரும்புப் பீப்பாயாலான தள்ளுவண்டியில் எரித்துக் கை காய்ச்சும் வழக்கம் பல இடங்களில் இன்றும் உண்டு. கவாத்துத் தொழிலாளர்களுள் பலர் நாட்கூலி பெறுவோர் அல்லர்; குறிப்பிட்ட பரப்பை ஏற்று, அதன் அளவுக்கேற்பக் கூலி பெறுவோர். ஒருவர் ஒரு நாளில் உழைத்து முடிக்கக்கூடிய நிலமாகக் கருதப்பட்ட ‘ஊவ்ரே’, அதாவது சுமார் 428 சதுர மீட்டர், அங்கு இன்றும் வழக்கிலுள்ள அளவு.

சுவையில் மனிதக் கைகளுக்கும் பங்குண்டு என்பதற்கு, சித்தோ மடத்துத் துறவிகள் உருவாக்கி மதில் எழுப்பிய குளோ த வூஷோ என்னும் திராட்சைத் தோட்டம் தக்க சான்று. சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள அத்தோட்டம் இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர்களிடையே பிரிந்து கிடக்கிறது. மேற்புறத்தில் நீர் எளிதில் வடிவதும் சாலையோரத் தாழ்பகுதியில் மண் கனத்திருப்பதும் சுவை வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கும். அடுத்தடுத்த வரிசைகளில் விளைந்த ஒயின்களும் வேறுபடுவதற்குக் கவாத்தும், அறுவடை நாளைத் தேர்வதும், நிலவறையில் 228 லிட்டர் ஓக் பீப்பாய்களைப் பேணுவதுமே காரணமாகின்றன.

குளிர்காலம் மிதமாகிவிட்டதால் மொட்டுகள் முன்னதாகவே விரிந்து, வசந்தகால உறைபனிக்கு இரையாகின்றன. 2021 ஏப்ரலில் பர்கண்டி இவ்வாறு பெரும் இழப்பைக் கண்டது. தாமதமாகக் கவாத்து செய்த கொடி தாமதமாகவே துளிர்க்கும் என்பதால், உறைபனி தேங்கும் தாழ்நிலங்களை மார்ச் இறுதிவரை தொடாமல் விட்டு, துளிர்ப்பதற்கு முன் எஞ்சிய சில நாட்களுக்குள் அவ்வளவையும் வெட்டி முடிக்கும் சுமையும் இப்போது இத்தொழிலாளர்களையே சேர்ந்திருக்கிறது.