குளோனின் பெயர்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் தமிழர் மிளகு என்பதை மலையாளிகள் குருமுளகு என்பர். வெறும் 'முளகு' என்றால் அவர்களுக்கு மிளகாய். ஆய்வகப் பெயர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு.

மனித டி செல் ஏற்பியோடு இணைந்திருக்கும் சிடி3 புரதத்தை இனங்காட்டும் எதிர்ப்பொருள்களுள் 1979இல் அறிவிக்கப்பட்ட ஓகேடி3 புகழ்பெற்றது. யுசிஎச்டி1, லியூ-4 ஆகியனவும் அதே புரதத்தையே பற்றும். வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு பெயரிட்ட இத்தகைய எதிர்ப்பொருள்களை, அவை பற்றும் இலக்கைக் கொண்டு தொகுக்கும் முறை 1982இல் பாரிஸில் உருவானது.

எனினும் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வழங்குவதில்லை. எஸ்பி34 என்னும் குளோன் ரீசஸ் குரங்கின் சிடி3ஐயும் பற்றும், ஓகேடி3 பற்றாது. ஆய்வுக் கட்டுரையில் 'சிடி3 எதிர்ப்பொருள்' என்று மட்டும் எழுதுவது, சாலையில் 'முளகு' கேட்டுவிட்டு மிளகை எதிர்பார்ப்பது போன்றது. மற்றொருவர் அச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டுமாயின், குளோனின் பெயரையும் எழுதியாக வேண்டும்.