ஸ்கிரீன்ஷாட் திருவிழா

"கேமைப் போட்டோ பிடிக்கிறதுக்கு ஒரு போட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கேட்பதில் தப்பில்லை. கல்யாண வீட்டுக்குப் போய், பந்தியை விட்டுவிட்டு வாசல் கோலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிப்பு வரும். சண்டை போட, புதையல் தேட, லெவல் ஏற என்றே கட்டப்பட்ட ஓர் உலகத்துக்குள் போய், வாளை உறையில் போட்டுவிட்டு, மலை உச்சியில் நின்று சூரியன் மறைவதைப் படம் எடுத்து வந்து, "இந்த வாரத் தலைப்புக்கு என் படம்" என்று கொடுப்பது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும்.

ஆனாலும் இது உலகம் முழுக்க நடக்கிற கிறுக்குத்தனம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக விளையாடுகிற ஆன்லைன் கேம் எதை எடுத்துக்கொண்டாலும், யாராவது ஒருவர் வாரம் ஒரு தலைப்பு, மாதம் ஒரு தலைப்பு என்று அறிவித்து, படங்களைச் சேகரித்து, எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருப்பார். சம்பளம் கிடையாது. பல நேரம் நன்றிகூடக் கிடையாது. அந்த ஒருவர் செய்தது என்ன என்பது, பெரும்பாலும் அந்த கேமை இழுத்து மூடும் நாளில்தான் மற்றவர்களுக்குப் புரிகிறது.

இதற்கு நல்ல உதாரணம் 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'.

2004 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் வெளிவந்த கேம் இது. உருவாக்கியது கிரிப்டிக் ஸ்டுடியோஸ், வெளியிட்டது கொரியாவின் என்சிசாஃப்ட். பாராகன் சிட்டி என்று ஒரு கற்பனை நகரம். அதில் ஒவ்வொருவரும் ஒரு சூப்பர் ஹீரோ. இந்த கேமின் உண்மையான கதாநாயகன் சண்டை அல்ல, தையல்கடை :-) அதாவது, தன் ஹீரோவின் உடை, முகமூடி, நிறம், உடல்வாகு எல்லாவற்றையும் தானே வடிவமைக்கும் வசதி. மற்ற பல கேம்களில் நல்ல சட்டை வேண்டுமென்றால் பெரிய அரக்கனைக் கொல்ல வேண்டும். இங்கே உடைக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. நேற்றுச் சேர்ந்தவனும், மூன்று வருஷமாக விளையாடுகிறவனும் ஏறக்குறைய ஒரே அலமாரியிலிருந்துதான் உடுத்துவார்கள். மேலங்கி மாதிரி ஒன்றிரண்டு விஷயங்கள் மட்டும் விதிவிலக்கு. 2004-இல் அது வந்தபோது 20-ஆம் லெவல் ஆனவர்களுக்குத்தான் கிடைத்தது.

புதியவர்கள் வந்து இறங்குகிற அட்லஸ் பார்க் என்ற பகுதியில், நகர மண்டபத்துக்கு முன்னால் உலக உருண்டையைத் தோளில் சுமந்தபடி ஒரு பெரிய அட்லஸ் சிலை நிற்கும். ஊருக்குத் தேரடி மாதிரி அந்தச் சிலையடி. அங்கேதான் உடைப் போட்டிகள் நடக்கும். யாரோ ஒருவர் "இன்றைக்குத் தலைப்பு இது, வரிசையில் நில்லுங்கள்" என்று கூவுவார். பத்து, இருபது, ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவார். பரிசு, அந்த கேமில் பணமாகப் புழங்கும் 'இன்ஃப்ளூயன்ஸ்'. அதுவும் நடத்துபவர் தன் கைக்காசைப் போட்டுக் கொடுப்பது. கம்பெனிக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. போட்டி முடிந்ததும் எல்லோரும் சிலையடியில் கூடி நின்று, பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்துவார்கள். தனியாகக் கேட்டால் ஒழிய, திரையில் இருக்கும் பட்டன், பட்டை எதுவும் படத்தில் விழாது. ஆட்களும் ஊரும் மட்டும்தான்.

இதை நடத்துவது சுலபம் என்று நினைத்தால், ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும்.

முதல் சிக்கல் தலைப்பு. "அழகான காட்சி" என்று தலைப்புக் கொடுத்தால் நூறு சூரிய அஸ்தமனம் வந்து விழும். நூறும் நன்றாக இருக்கும், நூறும் ஒன்றாகவே இருக்கும். அதையே "கதவு" என்று கொடுத்தால் கதை மாறிவிடும். பல வருஷமாக உள்ளே போய் வந்துகொண்டிருந்த வாசலை அன்றைக்குத்தான் நின்று பார்ப்பார்கள். "மழை", "காத்திருப்பவர்", "நீ முதன்முதலில் செத்த இடம்" என்றெல்லாம் கொடுக்கலாம். நல்ல தலைப்புக்கு அடையாளம் ஒன்றுதான்: முதல் நாள் விளையாடுபவனாலும் அதற்குப் படம் எடுக்க முடிய வேண்டும். கடைசி அரக்கனைக் கொன்றவன்தான் போக முடிகிற கோட்டையைத் தலைப்பாக வைத்தால், அது படப் போட்டி அல்ல, பந்தா போட்டி.

இரண்டாவது, கம்ப்யூட்டர். ஒருவரிடம் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும். இன்னொருவர் கிராஃபிக்ஸை அடிமட்டத்தில் வைத்து, நிழலை அணைத்து, பழைய லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருப்பார். இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்ப்பவர் கண் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் விவரமான நடத்துநர்கள், கத்தரிப்பது தவிர வேறு திருத்தம் கூடாது என்று விதி வைக்கிறார்கள். தெளிவுக்கு அல்ல, யோசனைக்கே மதிப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஓட்டு. இதில்தான் நட்பு உடையும். எல்லோரும் ஓட்டுப் போடலாம் என்றால், அறுபது பேர் உள்ள குழுவின் படம் ஜெயிக்கும். அதில் நான்கு பேர்தான் மற்ற படங்களைத் திறந்தே பார்த்திருப்பார்கள். சரி, மூன்று நடுவர்கள் என்று வைத்தால், "அவன் உன் கூட்டாளிதானே" என்று ஆரம்பிக்கும். படங்களைப் பெயரில்லாமல் காட்டினாலும், சின்ன சமூகத்தில் யாருடைய ஹீரோ எது என்று எல்லோருக்கும் தெரியும். பலர் கடைசியில் போய்ச் சேருகிற இடம், பரிசையே எடுத்துவிடுவது. வந்த படம் எல்லாம் ஒரே ஆல்பத்தில், வந்த வரிசையில். பரிசு போனதும் பாதிப் பேர் வருவதில்லை. வருகிற மீதிப் பேர் கடைசி வரை வருகிறார்கள்.

சட்டமும் நடுவில் வரும். 2004 நவம்பரில் மார்வெல் நிறுவனம் என்சிசாஃப்ட் மீதும் கிரிப்டிக் மீதும் வழக்குப் போட்டது. விளையாடுபவர்கள் ஹல்க், உல்வரின் மாதிரி உருவங்களை உருவாக்க கேம் இடம் தருகிறது என்பது புகார். 2005 டிசம்பரில் சமரசமாக முடிந்தது. காப்பியடித்த ஹீரோ என்று புகார் வந்தால் பெயரையும் உடையையும் நிர்வாகம் மாற்றிவிடும். ஆகவே "சொந்தக் கற்பனை மட்டும்" என்று ஒரு நடத்துநர் விதி எழுதினால், அது ரசனைக்காக மட்டும் அல்ல.

படத்துக்குள் நமக்குத் தெரியாமல் என்ன போகிறது என்பதும் ஒரு கவலை. 2012 செப்டம்பரில், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஸ்கிரீன்ஷாட்களில் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று இருப்பதை விளையாடுபவர்களே கண்டுபிடித்தார்கள். கணக்கின் அடையாளம், எடுத்த நேரம், சர்வர் விவரம் எல்லாம் அதில் பொதிந்திருந்தன. படத்தின் தரத்தை உச்சத்தில் வைத்தால் அது விழுவதில்லை. சூரியன் மறைகிற படம் என்று நினைத்துக் கொடுத்தவர்கள், கூடவே ரசீதும் கொடுத்திருக்கிறார்கள்!

இவ்வளவு தொல்லை எதற்கு?

அதே வார்கிராஃப்டில் பதில் இருக்கிறது. 2004 நவம்பர் 23 அன்று தொடங்கிய அந்த உலகத்தை, சரியாக ஆறு வருஷம் கழித்து 2010 நவம்பர் 23 அன்று கம்பெனி உடைத்துப் போட்டது. கதைப்படி ஒரு நாகம் பூமியைப் பிளந்தது. ஆபர்டீன் என்ற கடலோர ஊர் இடிபாடானது. தௌசண்ட் நீடில்ஸ் என்ற வறண்ட பள்ளத்தாக்கு தண்ணீரில் மூழ்கியது. இன்று அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் நிற்க வேண்டுமென்றால், பழைய வடிவத்தை 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்று தனியாகத் திறந்தார்களே, அங்கே போகலாம். ஆனால் நடுவில் ஒன்பது வருஷம், அந்த இடங்கள் இருந்தது படங்களில் மட்டும்தான். "போவதற்குள் படம் எடு" என்று 2010-இல் யாராவது தலைப்புக் கொடுத்திருந்தால், அது விளையாட்டுத் தலைப்பல்ல.

பாராகன் சிட்டிக்கு வந்தது அதைவிடப் பெரிய அடி. 2012 ஆகஸ்ட் 31 அன்று, கேமை நிறுத்தப்போவதாகவும், அதை உருவாக்கிக்கொண்டிருந்த பாராகன் ஸ்டுடியோஸை மூடுவதாகவும் என்சிசாஃப்ட் அறிவித்தது. எட்டு வருஷ ஊருக்கு மூன்று மாதக் கெடு. செப்டம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் அட்லஸ் சிலையடியில் கூடினார்கள். இடம் நிரம்ப நிரம்ப அட்லஸ் பார்க்கின் இன்னொரு பிரதி, இன்னொரு பிரதி என்று சர்வர் திறந்துகொண்டே போனது. எல்லோர் கையிலும் தீப்பந்தம். யாரும் தலைப்புக் கொடுக்காமல், யாரும் பரிசு சொல்லாமல், எல்லோரும் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்திய நாள் அது. நவம்பர் 30 அன்று சர்வர்கள் அணைந்தன.

வணிகவியல் பாடத்தில் நற்பெயர் என்று ஒரு புலனாகாச் சொத்து வரும். தொட முடியாது, ஆனால் விலை உண்டு. தொழிலை விற்கும்போது அதற்கும் சேர்த்துப் பணம் வாங்குவார்கள். இந்த கேம்களில் அந்தச் சொத்தை உண்டாக்கியதில், சிலையடியில் நின்று கூவிய அந்த நடத்துநருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்கள் சந்தா கட்டிக்கொண்டே இருந்தது அரக்கனுக்காக மட்டும் அல்ல, சனிக்கிழமை சிலையடியில் கூடுகிற ஆட்களுக்காகவும்தான். ஆனால் எந்தப் பேரேட்டிலும் அவர் பெயரில் ஒரு வரி இருக்காது. மூடுகிற முடிவெடுக்கும் அறையில் அவருக்கு நாற்காலியும் இருக்காது. சந்தா கட்டியவர்கள் வாங்கியது ஊரை அல்ல, ஊருக்குள் நடமாட ஓர் உரிமத்தை. டிஜிட்டல் பொருளை விற்பவர், அது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சட்டமே வந்தது, அதுவும் 2025 ஜனவரி 1 முதல்தான்.

சரி, படமாவது மிஞ்சியதா? அதிலும் ஒரு சோகம். 2000-களில் பலரும் படங்களை ஏற்றி வைத்தது ஃபோட்டோபக்கெட் மாதிரி இலவச இடங்களில். 2017 ஜூன் கடைசியில், மற்ற தளங்களில் படம் தெரிய வேண்டுமென்றால் வருஷத்துக்கு 399.99 டாலர் கட்டு என்று அந்த நிறுவனம் விதியை மாற்றியது. கேம் பக்கங்களில் மட்டுமல்ல, எல்லா இடத்திலும் பழைய படங்கள் ஒரே வாரத்தில் சாம்பல் கட்டங்களாயின. இலவசம் என்று வைத்த இடத்துக்குத்தான் கடைசியில் அதிக வாடகை.

தன் கம்ப்யூட்டரில் பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர்களுக்கு 2019 ஏப்ரலில் வேலை வந்தது. பல வருஷமாக ஒரு சிறு வட்டத்துக்குள் ரகசியமாக ஓடிக்கொண்டிருந்த தனியார் சர்வர் ஒன்று வெளியே தெரிந்து, அதன் நிரல் பொதுவெளிக்கு வந்தது. 'ஹோம்கமிங்' போன்ற ரசிகர் சர்வர்கள் பிறந்தன. 2024 ஜனவரியில் ஹோம்கமிங்குக்கு என்சிசாஃப்டே முறையாக உரிமம் கொடுத்தது. ஊர் திரும்ப வந்துவிட்டது. சிலை வந்துவிட்டது. ஆனால் பழைய ஹீரோக்கள் வரவில்லை. எல்லோரும் ஒன்றாம் லெவலிலிருந்து, வெற்று உடம்போடு ஆரம்பிக்க வேண்டும்.

உடை வடிவத்தைக் கோப்பாகச் சேமித்தவர்களுக்குச் சிரமமில்லை. மற்றவர்களுக்கு மிஞ்சியது ஸ்கிரீன்ஷாட். பெல்ட் என்ன நிறம், கையுறையில் எத்தனை கோடு, முகமூடி மூக்கு வரையா நெற்றி வரையா என்று பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். என்றோ ஒரு சனிக்கிழமை, யாரோ ஒருவர் "வரிசையில் நில்லுங்கள்" என்று கூவியதால் நின்ற வரிசை. அன்றைக்குப் பரிசு கிடைக்காதவனுக்கும் இந்தப் படம் இருக்கிறது.

ஆகவே, இப்போது ஏதாவது ஒரு கேமில் இப்படி நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு மூன்று விஷயம். வந்த படங்களை, ஜெயித்ததை மட்டுமல்ல, எல்லாவற்றையும் மூலத் தரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் தேதியும், இடமும், படத்தில் நிற்பவர்கள் அனுமதித்தால் அவர்களுடைய கேம் பெயரும் எழுதுங்கள். இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், அதில் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்த வாரத் தலைப்புக்கு ஒன்றும் தோன்றவில்லையென்றால், "தினமும் பார்க்கிற இடம்" என்று வையுங்கள். வருகிற படங்கள் சுமாராகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.