ராட்டினப் பரீட்சை

அரிசி, பருப்பு, புடவை, புஸ்தகம் முதலியவற்றைப் பணம் கொடுத்து வாங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பயத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்றால், அது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று நேயர்கள் கேட்கக்கூடும். சாதாரணமாகப் பயம் என்பது இலவசமாகவே கிடைக்கும் வஸ்து. பரீட்சை முடிவு வெளியாகும் நாளிலும், வைத்தியர் நம்முடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மௌனமாயிருக்கும் நிமிஷத்திலும், நள்ளிரவில் டெலிபோன் மணி அடிக்கும்போதும் அது கேளாமலே வந்து சேர்ந்துவிடுகிறது. அப்படியிருந்தும், அரைமணி நேரம் வரிசையில் நின்று, டிக்கட்டு வாங்கி, இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பயப்படுவதற்கு ஜனங்கள் முண்டியடிக்கும் இடம் ஒன்று உண்டு. பொருட்காட்சியில் ராட்டினங்கள் நிற்கும் மூலைதான் அது.

நெல்லையப்பர் கோயிலின் ஆனித் திருவிழாவை ஒட்டித் திருநெல்வேலியில் பொருட்காட்சி நடப்பது நெடுநாளைய வழக்கம். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ஓர் இடத்துக்குப் பொருட்காட்சித் திடல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சர்க்கார் இலாகாக்கள் தங்கள் தங்கள் சாதனைகளைப் பொம்மைகளாகவும் படங்களாகவும் அமைத்து வைக்கின்றன. ஜனங்கள் அவற்றை மரியாதையுடன் ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு, டெல்லி அப்பளத்தையும் மிளகாய் பஜ்ஜியையும் நோக்கி விரைகிறார்கள். அதற்கும் அப்பால் வர்ண விளக்குகள் சுழலும் இடத்தில் ராட்டினங்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, தங்கையும் மாப்பிள்ளையும் அவர்களுடைய இரண்டு குழந்தைகளும் உடன்வர, நாம் அங்கே சென்றிருந்தோம். மருமகளுக்குப் பன்னிரண்டு வயது, மருமகனுக்கு ஏழு. மருமகள் கையில் ஒரு நோட்டுப் புஸ்தகம் இருந்தது. மேல்நாடுகளில், மலைபோல் ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டர் வண்டிகளில் சவாரி செய்வதையே ஒரு விரதமாகக் கொண்ட கூட்டத்தார் இருக்கிறார்கள். தாங்கள் ஏறியவற்றை எண்ணி வைத்து, ஒவ்வொன்றுக்கும் மார்க்குப் போடுவது அவர்களுடைய சம்பிரதாயம். அதை எங்கோ கேள்விப்பட்ட இப்பெண், "நாமும் எல்லாவற்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க்குப் போடுவோம், மாமா!" என்றாள். நாமும் சம்மதித்தோம்.

முதலில் குடை ராட்டினம். மரக்குதிரைகள் வாயைப் பிளந்துகொண்டு வட்டமாக ஓடின. மருமகன் ஏற மறுத்துவிட்டான். "இது சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளது" என்பது அவனுடைய கட்சி. சின்னப் பிள்ளைகளோ அதிலிருந்து இறங்க மறுத்து அழுதுகொண்டிருந்தார்கள். இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்து நான்கு மார்க்குக் கொடுத்தோம்.

அடுத்தது ராட்சத ராட்டினம். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1889ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தார் ஈபல் கோபுரத்தைக் கட்டி உலகத்தை அண்ணாந்து பார்க்கச் செய்தார்கள். அதற்குப் போட்டியாக அமெரிக்கர்கள் 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ கண்காட்சியில் எழுப்பியதுதான் பெர்ரிஸ் என்னும் இஞ்சினீயரின் ராட்டினம். உயரம் 264 அடி. பெட்டிகள் 36. பெட்டிக்கு 60 பேர் வீதம் 2,160 பேர் ஏககாலத்தில் ஆகாயத்தில் சுற்றலாம். சுவாமி விவேகானந்தர் சர்வமதசபையில் பேசியதும் அதே ஆண்டில், அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான்.

நம்முடைய திருநெல்வேலி ராட்டினத்தில் பெட்டிக்கு நாலு பேர்தான். ஆனாலும் உச்சிக்குப் போய்ச் சற்று நின்றபோது, மேற்கே நெல்லையப்பர் கோயில் கோபுரத்து விளக்கும், கிழக்கே ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் விளக்கு வரிசையும், அதற்கு அப்பால் தாமிரபரணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நீண்ட இருட்டும் தெரிந்தன. தினந்தோறும் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போகும் ஊர் மேலிருந்து பார்த்தால் இத்தனை அழகா என்று தோன்றியது. ஏழு மார்க்கு.

மூன்றாவது, கொலம்பஸ் கப்பல். கொலம்பஸ் என்பவர் இந்தியாவுக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு 1492ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதை நேயர்கள் அறிவார்கள். அவர் பெயர் தாங்கிய கப்பல் மட்டும் எப்படியோ வழி தவறாமல் இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராய்ப் பொருட்காட்சிகளில் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது. நடுவில் உட்காருகிறவர்களுக்கு இது வெறும் ஊஞ்சல். இரு கோடிகளில் உட்காருகிறவர்களுக்கோ கதை வேறு. உச்சியை எட்டித் திரும்பும் கணத்தில் ஆசனமும் அதில் இருக்கும் ஆளும் சேர்ந்தே விழ ஆரம்பிப்பதால், உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்ச்சியே போய்விடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் தம் பாரத்தை இழந்து மேலெழுகின்றன. 'வயிறு வாய்க்கு வந்துவிட்டது' என்று நம் பாட்டிமார் சொன்னது விஞ்ஞானப்படி ஏறக்குறைய சரியே. மாப்பிள்ளை கோடியில் உட்கார்ந்து சென்றார். இறங்கியதும், "அத்தான், அந்த மிளகாய் பஜ்ஜியை இதற்கப்புறம் சாப்பிட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எட்டு மார்க்கு.

மரணக் கிணற்றில் நாம் ஏறவில்லை. விளிம்பில் நின்று பார்த்ததோடு சரி. செங்குத்தான பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் பல்லியைப் போல் ஒட்டிக்கொண்டு சுற்றியது. வேகம் உள்ளவரைதான் சக்கரம் சுவரை அழுத்தும். அழுத்தம் உள்ளவரைதான் பிடிப்பு. வேகம் குறைந்தால் மனிதன் கீழே. அதில் பயப்படுவது பார்க்கிறவர்கள். அபாயம் முழுவதும் ஓட்டுகிறவருடையது. இதற்கு மார்க்குப் போட நாம் யார் என்று அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டோம்.

நிற்க. மிச்சமிருந்தது டிராகன் ரயில். பாம்புத் தலையும் சிவப்பு வாலும் கொண்ட சிறு வண்டித்தொடர். வளைந்து வளைந்து ஏறி இறங்கும் தண்டவாளம். பொருட்காட்சிக்கு வருகிற ரோலர் கோஸ்டர் இதுதான். மோட்டார் பொருத்தி ஓடுவதால், சாஸ்திரப்படி இதை முழு ரோலர் கோஸ்டர் என்று சொல்ல முடியாது. அதன் தம்பி என்று சொல்லலாம். அண்ணனின் விஷயம் இப்படி: வண்டியைச் சங்கிலி ஒரே ஒரு முறை முதல் உச்சிக்கு இழுத்துவிடும். அப்புறம் இஞ்சினும் இல்லை, மோட்டாரும் இல்லை. விழுகிற வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏறவேண்டும். வழியில் உராய்வும் காற்றும் வேகத்தைத் தின்றுவிடுவதால், பின்னால் வரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கும்.

ருஷ்யாவில் மரச் சட்டங்களின்மேல் பனிக்கட்டியைப் பரப்பிச் சறுக்கி விளையாடியதே இதற்கு மூலம். அதனால் பிரெஞ்சுக்காரர் இன்றும் இதை 'ருஷ்ய மலைகள்' என்கிறார்கள். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் 1827ஆம் ஆண்டில் போட்ட ஒரு பாதையில், நிலக்கரி வண்டிகள் தம் பாரத்தினாலேயே மலையிலிருந்து இறங்கின. வெறும் வண்டிகளைத் திரும்ப மேலே இழுக்க வேண்டிய கோவேறு கழுதைகளும் இறங்கும்போது வண்டியிலேயே சவாரி செய்தனவாம். கழுதைகளுக்குக் கிடைத்த சுகம் மனிதர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று பிற்பாடு அதில் உல்லாசப் பிரயாணிகளையும் ஏற்றினார்கள். 1884ஆம் ஆண்டில் தாம்ஸன் என்பவர் நியூயார்க்கை அடுத்த கோனி ஐலண்டில் வேடிக்கைக்கென்றே ஒன்றைக் கட்டினார். அதன் வேகம் மணிக்கு 6 மைல். நம் ஊர் ஜட்கா வண்டி அதை அலட்சியமாக முந்தியிருக்கும். 2005ஆம் ஆண்டில் அதே அமெரிக்காவில் எழுந்த 'கிங்டா கா' 456 அடி உயரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின்மேல் இன்னொரு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை வைத்தாலும் எட்டாது. அதையும் 2025ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நம் பக்கத்திலும் சென்னைக்குத் தெற்கே 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவில், தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு பறக்கும் 'தஞ்சோரா' என்ற ஒன்று வந்திருக்கிறது.

இத்தனை உயரமும் வேகமும் எதனால் சாத்தியமாயின? சங்கிலி, இரும்பு ஆகியவற்றைவிட ஒரு சிறு சக்கரத்தினால் என்று சொல்லவேண்டும். ஜான் மில்லர் என்ற அமெரிக்கர், தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் ஒரு சக்கரத்துக்கு 1919ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வண்டி மேலே தூக்கி எறியப்படாமல் அது பிடித்துக்கொள்கிறது. கட்டிப்போடும் சக்கரம் வந்த பிற்பாடுதான் வண்டியைத் துணிந்து அவிழ்த்துவிட முடிந்தது.

நம் டிராகன் ரயிலைக் கவனித்துக்கொண்ட வாலிபருக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. எல்லோரும் உட்கார்ந்ததும், ஒவ்வொரு வண்டியாக வந்து, மடிமேல் விழும் தடுப்புக் கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தார். மூன்றாவது வண்டியில் தங்கையும் மருமகனும் இருந்தார்கள். கம்பி பார்வைக்குச் சரியாகவே இருந்தது. அவர் இழுத்ததும் அரை அங்குலம் மேலே வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி இழுத்தார், மறுபடியும் வந்தது.

"அக்கா, நீங்களும் தம்பியும் இறங்கிப் பின்னால உள்ள வண்டியில உக்காருங்க."

"ஏன் தம்பி? கம்பிதான் விழுந்திருக்கே?"

"விழுந்திருக்கு, அக்கா. பின் மாட்டலை."

அந்த வண்டியின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார். வரிசையில் நின்றவர்கள் கூச்சலிட்டார்கள். டிக்கட்டு மேஜையிலிருந்தவர், "என்னடே, சனிக்கிழமையும் அதுவுமா வண்டியைக் காலியா விடுதே?" என்று கேட்டார். வாலிபர் பதில் சொல்லாமல், நாலாவது வண்டியின் கம்பியை இழுத்துப் பார்க்கப் போய்விட்டார். ரயில் மூன்று சுற்றுச் சுற்றியது. நாம் புறப்படும் வரையில் அந்த மூன்றாவது வண்டி கயிறு கட்டியபடி காலியாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

மருமகள் சிறிது நேரம் பென்ஸிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்பது" என்று எழுதினாள். மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லை. "ஒரு பனைமரத்தில் பாதி உயரம்கூட இல்லை, இதற்கு ஒன்பதா?" என்றார். "உயரத்துக்கு இரண்டுதான், அப்பா. பாக்கி ஏழும் அந்தக் கயிற்றுக்கு" என்றாள்.

குழந்தை போட்ட கணக்கை நாம் ஒப்புக்கொள்கிறோம். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆமதாபாத் காங்கரியாவில், ஊசலாடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து இரண்டு பேர் மாண்டார்கள், பலர் காயமடைந்தார்கள். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் தாம்பரத்துக்கு அருகே ஒரு பூங்காவில், ஊழியர்களே ஏறிச் சோதனை பார்த்தபோது ராட்டினம் முறிந்து, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். நிலையான பூங்காக்களிலேயே இப்படி என்றால், ஊருக்கு ஊர் கழற்றி லாரியில் ஏற்றி மறுபடி பூட்டப்படும் ராட்டினத்தைப் பற்றிக் கேட்பானேன்! ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வோர் ஆணியும் புதிதாக முடுக்கப்படுகிறது. அதை முடுக்குகிற கையை நம்பித்தான் நாம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறோம்.

இது நம் ஊருக்குப் புதிய பாடமன்று. நெல்லையப்பர் தேரின் பாரம் சுமார் 450 டன் என்பார்கள். அதை ஆயிரக்கணக்கான ஜனங்கள் கையாலேயே இழுக்கிறார்கள். 2024ஆம் ஆண்டுத் தேரோட்டத்தில் வடங்கள் பலமுறை அறுந்து, திருச்செந்தூர்க் கோயிலிலிருந்து வடம் தருவித்து இழுக்கவேண்டியதாயிற்று. அறுந்த வடத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. ஆனால் எந்த ஆண்டிலும், சக்கரத்துக்கு அருகில் குனிந்தபடி கட்டையைச் செருகுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள்தான். அவ்வளவு பாரமும் ஓடத் தொடங்கிவிட்டால், அதற்கும் ஜனங்களுக்கும் நடுவே இருப்பது அந்தக் கட்டை ஒன்றே. நம் பாஷையிலோ 'முட்டுக்கட்டை போடுகிறவன்' என்பதை வசைச் சொல்லாகவே வழங்குகிறோம்! சனிக்கிழமை வசூலுக்கு முட்டுக்கட்டை போட்ட அந்த வாலிபரைப் பார்த்த பிறகு, அச்சொல்லை வசையாக உபயோகிக்க நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ராட்டினத்தில் ஏறுவதற்கு முன்னும் ஒரு முழுச் சுற்றைக் கீழே நின்று பாருங்கள். கம்பியைக் கண்ணால் பார்க்கிறார்களா, கையால் இழுத்துப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். விசையருகில் நிற்பவரின் பார்வை ஏறினவர்கள்மேல் இருக்கிறதா, கைத் தொலைபேசியின்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் உயரம் போதாது என்றால், குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இறங்கச் சொன்னால் சண்டை பிடிக்காமல் இறங்குங்கள். வரிசையில் நிற்கும்போது கூச்சலிடாதீர்கள்.

அந்த நோட்டுப் புஸ்தகத்தில் இன்னும் பல பக்கங்கள் பாக்கி இருக்கின்றன. தஞ்சோராவுக்கு ஒரு பக்கம் இப்போதே ஒதுக்கியாகிவிட்டது. அதில் தங்களுடன் நாமும் ஏறவேண்டும் என்று மருமகளும் மருமகனும் ஏகமனதாகத் தீர்மானம் செய்திருக்கிறார்கள். நாம் கீழே நின்று ஒரு முழுச் சுற்றைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகத் தெரிவித்திருக்கிறோம்.