கடைசிப் பந்தி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, மொட்டைமாடியில் உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. நாற்பத்து நான்கு வயதாகிறது, இனி இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரவில் புத்தகத்தைத் திறந்தால் நான்கு பக்கங்களுக்கு மேல் மனம் நிற்கவில்லை. அதற்கும் வயதின் மீதே பழி.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 கிராம் என்று வந்தது. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சிலருக்கு உதிரப்போக்கு மிகுதியாகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஸ்கேனுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் எழுதித் தந்த மருத்துவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கீரை, பருப்பு, காய் என்று அடுக்கினேன். "அது நீங்க சமைக்கிறதும்மா. நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்றார். பதில் இல்லை.

ஒரு வாரம் குறித்து வைத்தேன். காலையில் நின்றபடியே இரண்டு இட்லி, உடனே காபி. மதியம் சோறும் குழம்பின் அடியும் மோரும். இரவில் பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை. கீரை சமைத்த இரண்டு நாள்களிலும் அது என் தட்டுவரை வரவில்லை. அரிசிக்கு மட்டும் குறைவில்லை. உடல் எடை கூடிக்கொண்டே போனதற்கும் சோர்வு தீராததற்கும் விடை அந்த ஒற்றைத் தாளில் இருந்தது.

அம்மாவின் நினைவு வந்தது. எல்லோரும் எழுந்த பிறகு, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவாள். "சட்டிச்சோறுதான் எனக்கு ருசி" என்பாள். நாங்கள் அதை நம்பினோம். அறுபத்தெட்டாவது வயதில் வழுக்கி விழுந்து அவள் இடுப்பெலும்பு முறிந்தபோதும் தரையைத்தான் குறை சொன்னோம்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் பற்றி வாசகர் கூட்டமொன்றில் ஆவேசமாகப் பேசியவள் நான். அன்றிரவும் வீடு திரும்பி, மிச்சத்தைத்தான் சாப்பிட்டிருப்பேன். இலக்கியத்தில் புரிந்துகொண்டதை வயிற்றுக்குச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை, பெண்ணுக்கு 29. அதிகம் தேவைப்படுகிறவள்தான் நம் வீடுகளில் கடைசியில் உட்காருகிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்ததில் வியப்பென்ன? மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாகத் தேயும். சுண்ணாம்புச் சத்தின் தேவை 1,000 மில்லிகிராமிலிருந்து 1,200 ஆக உயர்கிறது.

நான் செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. கேழ்வரகு அடை, முட்டை, மாலையில் சுண்டல். முருங்கைக்கீரை செய்யும் நாளில் கூடவே நெல்லிக்காய்ப் பச்சடி. புளிப்பு, கீரையின் இரும்பை உடல் ஏற்க உதவும். காபியின் துவர்ப்பு அதைத் தடுக்கும் என்பதால், காபி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. கடினமாக இருந்தது ஒன்றுதான்: எல்லோருடனும் உட்கார்ந்து, முதலிலேயே எனக்கும் பரிமாறிக்கொள்வது. முதல் சில நாள்கள் திருடுவதுபோல் கை கூசியது.

ஆறு மாதங்களில் 11.8 கிராம். மாத்திரையின் பங்கு பெரிது என்பதை மறுக்கவில்லை. படிகளில் இப்போது உட்காருவதில்லை.

போன வாரம் கல்லூரி விடுமுறையில் வந்த மகள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கல்லாம் சாப்பிடுங்கம்மா, நான் கடைசில பாத்துக்கறேன்" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, வார்த்தவரைக்கும் போதும், வந்து உட்கார் என்றேன்.