சுவரில் எழுதிய எண்

கும்பகோணத்து வீட்டில் தொலைபேசிக்கு மேலே, சுவரில் பென்சிலால் எழுதிய எண் ஒன்று இருக்கிறது. அம்மா எழுதியது. இரண்டு முறை வெள்ளையடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் தொடவிடாமல் காத்துவிட்டார். எண்பத்தொரு வயதில் அவர் தாமாகச் சுழற்றக்கூடிய ஒரே எண் அது. எங்கள் கைபேசி எண். நாங்கள் வாங்கிக் கொடுத்த தொடுதிரைக் கைபேசி பூஜை அலமாரியில், உறை பிரியாமல், விபூதி மடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2023இல் சிங்கப்பூர் சென்றபோது, ஊரார் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் ஒன்றை வாங்கினோம். அப்போதைய கைபேசியில் ஓர் அட்டைக்குத்தான் இடம். இந்திய அட்டையைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துப் பணப்பைக்குள் வைத்தோம். அன்றிரவு அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் முறிவு. இடது கையால் மூன்று முறை அந்த எண்ணைச் சுழற்றியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். எங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்தது மறுநாள் மாலை, வாட்ஸப் வழியாக.

ஊர் திரும்பியதும் அம்மா குறை எதுவும் சொல்லவில்லை. "மூணு தடவையும் ஒரு பொண்ணு மரியாதையாத்தான் சொன்னா, ஸ்விட்ச் ஆஃப்னு" என்றார். வைதிருந்தால் தேவலை என்றிருந்தது.

2025 வசந்தத்தில் ஜப்பான் செல்ல முடிவானபோது, பயணச்சீட்டுக்கும் விசாவுக்கும் முன்னால் நாங்கள் யோசித்தது இதைத்தான். இதற்குள் கைபேசி மாறியிருந்தது. புதியதில் இ-சிம் வசதி உண்டு என்றார்கள். அதென்ன என்று படித்துப் பார்த்தோம்.

1991இல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் சிம் அட்டைகளைச் செய்து கொடுத்தபோது, அது வங்கி அட்டை அளவுக்கு இருந்தது. வரவர இளைத்து, 12.3 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நானோவாயிற்று. இ-சிம்மில் அந்த அட்டையும் இல்லை. கைபேசிக்குள்ளேயே பற்றவைத்த ஒரு சில்லு. அதில் நிறுவனத்தின் அடையாளத்தை இணையம் வழியே இறக்கிக்கொள்கிறோம். கட்டக்குறியீடு ஒன்றைப் படமெடுத்தால் போதும். எதையும் கழற்ற வேண்டாம். இந்திய அட்டை தன் இடத்திலேயே இருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

ஆனால் தேர்ந்தெடுப்பது அத்தனை எளிதாக இல்லை. விற்பவர்கள் எல்லோரும் ஜிபி கணக்கையும் நாள் கணக்கையும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். 'அளவற்றது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் உடுக்குறி. அதைப் பின்தொடர்ந்து கீழே போனால், நாளொன்றுக்கு இத்தனை ஜிபி தாண்டியபின் வேகம் நொடிக்கு 128 கிலோபிட் என்றிருந்தது. எங்களில் ஒருவர் பழைய வங்கி ஊழியர், கணக்குப் போட்டார். நொடிக்கு 16 கிலோபைட். ஒரு மெகாபைட் புகைப்படம் போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அளவற்றதை விட்டுவிட்டு, அளவு சொன்ன பத்து ஜிபி திட்டத்துக்கு வந்தோம். வரைபடமும் ரயில் நேரமும் மொழிபெயர்ப்பும் பார்க்கும் இருவருக்கு இரண்டு வாரங்களுக்கு அது தாராளம். ஒரு கைபேசியின் இணைப்பை மற்றதற்குப் பகிரலாமா என்பதையும் பார்த்துக்கொண்டோம். எல்லாத் திட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

வாங்கப் போகும் நேரத்தில்தான், பக்கத்தின் அடியில் இருந்த வரி கண்ணில் பட்டது. தரவு மட்டும், தொலைபேசி எண் கிடையாது. ஜப்பானுக்கான பயண இ-சிம்களில் பெரும்பாலானவை இப்படித்தான். எண் இல்லாவிட்டால் என்ன, வாட்ஸப்பில் பேசலாமே என்பார்கள். உண்மைதான். வாட்ஸப் இருப்பவர்களுக்கு அது உண்மை. எங்கள் பயணத்தில் எங்களை அவசியம் அடைய வேண்டிய ஒருவரிடம் இருந்ததோ ஒரு கறுப்புத் தொலைபேசியும் சுவரும்தான்.

ஆகவே தரவுக்கு இ-சிம். அழைப்புக்கு, பழைய அட்டையிலேயே வெளிநாட்டு ரோமிங் பொதி. பொதியின் விலை இ-சிம்மின் விலையைவிட அதிகம். வருகிற அழைப்புக்கும் நிமிடக் கணக்கு உண்டு. ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். எங்களில் ஒருவர், அம்மாதான் அழைக்கப்போவதில்லையே, வீண் செலவு என்றார். மற்றவர் பதில் பேசாமல் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். விவாதம் முடிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டு வைஃபையில் இ-சிம்மை இறக்கிக்கொண்டோம். இறக்கவும் இணையம் வேண்டுமே. இந்திய இணைப்பில் தரவு ரோமிங்கை மூடினோம், இ-சிம்மில் திறந்தோம். இது தலைகீழாகப் போனால் பில் பழுத்துவிடும். தரவுக்குக் கைபேசி தானாகவே ஓர் இணைப்பிலிருந்து மற்றதற்குத் தாவும் வசதியையும் அணைத்தோம். இறக்கியதைத் தவறுதலாக அழித்துவிட்டால் பெரும்பாலும் அதே குறியீடு மறுபடி உதவாது என்பதால், ஊர் திரும்பும்வரை அந்தப் பக்கமே போவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டோம்.

1930களில் ஏ.கே. செட்டியார் ஜப்பான் சென்றார். அன்று வீட்டுக் கடிதம் கப்பலேறி வாரக்கணக்கில் பயணப்பட்டிருக்கும். ஊரில் ஒருவர் விழுந்ததும் எழுந்ததும் ஒரே கடிதத்தில் வந்து சேரக்கூடிய காலம். அப்போது அடைய முடியாமல் இருப்பது பயணத்தின் இயல்பு. இப்போது அது நம் தேர்வாகிவிட்டது. தேர்வு என்று ஆனபின் பிழைக்கும் நாமே பொறுப்பு.

கியோத்தோவில் ஐந்தாம் நாள். காலை எட்டரை மணி; ஊரில் ஐந்து. அராஷியாமா மூங்கில் தோப்பில் நடந்துகொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. திரையில் கும்பகோணத்து எண். இருவருக்கும் ஒரு கணம் மூச்சு நின்றது.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. மணி அடிக்குதான்னு பாத்தேன்."

அவ்வளவுதான். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. காப்பி ஆறிப்போகும் என்று வைத்துவிட்டார். பன்னிரண்டு நொடி, ஒரு முழு நிமிடமாகத்தான் கணக்கில் ஏறியிருக்கும்.

மறுநாளும் அதே நேரத்தில் மணி அடித்தது. ஊர் திரும்பும்வரை தினமும் அடித்தது.