காரின் காவற்சங்கு

கல்லூரி நினைவுகளை எழுதுக என்று விழா மலர்க்குழுவினர் பணித்தனர். எழுத அமர்ந்தபோது கண்முன் வந்து நின்றவை பௌதிக ஆய்வுகூடத்து நீண்ட மேசையும் அதன்மேற் கிடந்த மின்சுற்றுப் பலகையுமே. “சுற்று எங்கே அறுந்தது என்று வாயாற் சொல்லாதே, வயரைத் தொடர்ந்து போய்க் கையாற் காட்டு” என்பார் எங்கள் ஆசிரியர். அச்சொல்லை அன்று நான் பொருட்படுத்தவில்லை. அதன் அருமையை உணர்ந்தது நெடுங்காலத்தின் பின்னர், கரைத்தீவில் நான் ஆசிரியனாயிருந்தபோது.

கரைத்தீவு என்றதும் அன்பர்கள் சுவாமி விபுலாநந்தர் பிறந்த கீழ்க்கரையூரை எண்ணுதல் கூடும். அது காரைதீவு. நான் சொல்வது புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லைத் தாண்டிக் கிடக்கும் கரையோரச் சிற்றூர். ஒருபுறம் உப்புக்காற்று, மறுபுறம் யானை நடமாடும் காடு. என் அயலிற் கதவைத் தாழிடாது உறங்குவோரே பலர்.

அங்கே நான் கொண்டுபோன கார், ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்து, கொழும்பிலே ஒருவரிடம் பல்லாண்டு நின்றது. திருட்டெச்சரிக்கைக் கருவியை அவரே கடையிற் பூட்டுவித்திருந்தார். (ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஒக்டோபர் முதல் புதுக் கார்கள், திருடன் கிளப்பமுடியாதபடி தடுக்கும் கருவியுடனேயே வெளிவரல் வேண்டுமென்று விதியாயிற்று.) ஆனால் 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி வாசலில் வெடிமருந்து லொறி வெடித்த பின்னர், கொழும்புத் தெருவோரத்தில் ஒரு கார் தனியே நின்று அலறினால் திருடனை நினைத்தவர் எத்தனை பேர்? விலகி ஓடவே கால்கள் முந்தின.

கரைத்தீவிலோ அக்கருவி சோளகக் காற்றுக்கு அலறிற்று. காகம் குந்தினாலும் அலறிற்று. கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் ஒருவர் சொன்னார். கூலிக்கு அஞ்சியும், உண்மையைச் சொன்னால், அயலில் வேறெவரிடமும் இல்லாத பொருள் என்ற சிறு பெருமையாலும் நாளைக் கடத்தினேன்.

2016 ஆவணியில் ஓரிரவு அடுத்த வீட்டு நானா கதவைத் தட்டினார். “மாஸ்டர், மருமகளுக்கு நோவு கண்டிட்டு. புத்தளத்துக்குக் கொண்டு போகணும்.” 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை அவ்வாண்டு ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் மட்டுமே தொடங்கியிருந்தது, எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. பெண்ணைப் பின்னாசனத்தில் ஏற்றித் திறப்பைத் திருப்பினேன். விளக்குகள் எரிந்தன, எஞ்சின் எழவில்லை. சங்கு மட்டும் ஊரை எழுப்பிற்று. ரிமோட்டை அழுத்த அது ஓய்ந்தது, ஸ்டார்ட்டரோ அசையவேயில்லை. தானியங்கிக் கியர் ஆதலால் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. முக்கால் மணி நேரங் கழிந்தே மீன் லொறியொன்று கிடைத்தது. பெட்டிகளுக்கிடையிற் பாய் விரித்து அப்பெண்ணைக் கிடத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது, தாயும் நலம். நானா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாட் காலை பற்றரியின் எதிர்முனையைக் கழற்றினேன். உடனே சங்கு அலறிற்று. திருடன் வயரை வெட்டினாலும் ஒலிக்கவேண்டுமென்று அதனுள்ளே தனிப் பற்றரி வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்தும் சிறு திறப்போ கொழும்புக்காரரிடமே நின்றுவிட்டது. சங்கைக் கழற்றிச் சாக்கிற் சுற்றி மணலிற் புதைத்தேன். சிறிது நேரம் முனகி அடங்கிற்று.

பின்னர் டாஷ்போர்டின் கீழ் மல்லாந்து படுத்தேன். கருவிப்பெட்டி ஸ்டியரிங் தண்டின் மேலே ஒளிந்திருந்தது. அதிலிருந்து புறப்பட்ட வயர்கள் யாவும் கறுப்பு. திருடன் அடையாளங் காணாதிருக்க அவ்வாறு பூட்டுவர். உடையவன் பாடும் அதுவேதான். எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால் முடிந்தது என்று குறட்டையும் கையிலெடுத்துவிட்டேன். ஆசிரியர் குரல் தடுத்தது. ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்தேன். விளக்குக்கும் கதவு ஆளிக்கும் சங்குக்கும் போனவை வெறுங் கிளைகள். அடியிலே துண்டித்து நாடா சுற்றினாற் போதும். மற்றொன்று அப்படியன்று. திறப்பிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் காரின் சொந்த வயரை நடுவே அறுத்து, இருமுனைகளையும் ஒரு ரிலேயினூடாக இணைத்திருந்தனர். அதனை வெட்டி விட்டிருந்தால் கார் கிளம்பியே இராது. ரிலேயின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தொடுமுனைகளிற் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை. இரவு முழுதும் எங்களை மறித்தது கடுகளவு களிம்பே.

ரிலேயை நீக்கி, இரு முனைகளையும் செம்பு மின்னும்வரை சுரண்டி, முறுக்கி, பற்றாசு வைத்து, மேலே நாடா சுற்றினேன். வெறும் முறுக்கு அக்கரையில் நில்லாது, மீண்டுங் களிம்பேறும்.

பற்றரியைப் பூட்டித் திறப்பைத் திருப்ப, எஞ்சின் முதல் முறையிலேயே எழுந்தது. வேலிக்கப்பால் நானா தலையுயர்த்தி, “இப்ப ஓடுது, மாஸ்டர்” என்றார். அன்று மாலை அவரை முன்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு குழந்தையைப் பார்க்கப் புத்தளம் சென்றேன். மணலிற் கிடந்த சங்கைச் சில நாளின் பின் அவருடைய தம்பி கேட்டு வாங்கிப் போனார். வண்ணாத்திவில்லுத் தோட்டத்தில் யானைக்குக் காவலாம்.